கடைக்காவலன்

கண்டி மாநகரில் மழை பெய்து ஓய்ந்த ஓர் ஆடி மாதத்து மாலைப்பொழுதை நேயர்கள் மனக்கண்முன் கொண்டு வருக. ஹந்தானை மலைமுகட்டில் முகில் படிந்திருக்கிறது. மைதானத்துப் புல் நீரில் ஊறிக் கிடக்கிறது. முப்பது இளைஞர் ஒரு பந்தின் பொருட்டுப் பொருதுகின்றனர். அவர்களுள் ஒருவன் தன் அணியினர் பதினால்வருக்கும் பின்னால் தனித்து நிற்கிறான். உயர எழுந்த பந்து அவனை நோக்கி இறங்குகிறது. எதிரணியினர் அதனைத் தொடர்ந்து பாய்ந்து வருகின்றனர். கை நழுவினால் ஊரே அதைப் பார்க்கும். பிடித்துவிட்டாலோ, அஃது அவன் கடமைதானே என்று ஊர் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இவனே றக்பி ஆட்டத்தில் புல்பாக் எனப்படுபவன். தமிழிற் கடைக்காவலன் எனலாம். பதினாறு வயதில் இவ்விடத்தில் நிற்கும் ஒரு சிறுவன் நாளை எத்தகைய ஆட்டக்காரனாவான் என்று கணிப்பது எங்ஙனம்? கண்டிக்கு இக்கேள்வி புதியதன்று.

கண்டி விளையாட்டுக் கழகம் 1874ஆம் ஆண்டில், ஐரோப்பியரின் கழகமாகத் தோன்றியது. ஆயினும் இவ்வாட்டம் நம்மவர் கைக்கு வந்தது பாடசாலைகளின் வழியாகவே. 1891இல் எல். ஈ. பிளேஸ் என்னும் பெரியார் கண்டியில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரி என வளர்ந்தது. இந்நாட்டுப் பாடசாலை மாணவர்க்கு றக்பியை அறிமுகஞ் செய்தவரும் அவரே. அதிபர் பிரேசர் காலத்தில் திரித்துவக் கல்லூரியும் இவ்வாட்டத்தை மேற்கொண்டது. 1906இல் இவ்விரு கல்லூரிகளும் போகம்பறை மைதானத்தில் மோதின. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நடைபெற்ற முதலாவது றக்பிப் போட்டி அதுவே. ஆறுக்கு ஆறு என்று, வென்றவரும் தோற்றவரும் இன்றி அது முடிந்தது.

அக்காலத்துக் கடைக்காவலனை மதிப்பிடுவது எளிது. பந்தைப் பிடிக்கிறானா, ஓடிவருபவனை வீழ்த்துகிறானா, பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே நெடுந்தூரம் உதைக்கிறானா என்னும் மூன்றே கேள்விகள். ஓடுவது அவன் தொழிலன்று. மதிலுக்குக் கால் எதற்கு என்று எண்ணிய காலம் அது.

அவ்வெண்ணத்தை அசைத்தவன் வேல்ஸ் நாட்டு இளைஞன் ஒருவன். லூயிஸ் ஜோன்ஸ் என்பது அவன் பெயர். 1950 சனவரியில், பதினெட்டே வயதில், ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிராகக் கடைக்காவலனாக நின்றான். எதிரணியினர் உதைத்த பந்து கோட்டைத் தாண்டாது அவன் கைக்கு வந்தது. அதைத் திருப்பி வெளியே உதைப்பான் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். அவனோ பந்தோடு ஓடினான். அவ்வோட்டம் வேல்ஸ் அணிக்கு ஒரு ட்ரையைப் பெற்றுத் தந்தது. ஆட்டமும் 11க்கு 5 என வெல்லப்பட்டது. அவ்வாண்டிலேயே நியூசிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த பிரித்தானிய அணியின் கடைக்காவலர் கை முறிவுற்றபோது, ஜோன்ஸ் வானூர்தியில் அனுப்பப்பட்டான். அந்த அணி தாயகம் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, இலங்கை அணியை 44க்கு 6 என்று வென்று சென்றது.

இனித்தான் நாம் கவனிக்கவேண்டிய பகுதி வருகிறது. 1952இல் ஜோன்ஸ், பதின்மூவர் ஆடும் றக்பி லீக் ஆட்டத்தில், லீட்ஸ் கழகத்தின் ஊதியம் பெறும் ஆட்டக்காரனானான். ஏறத்தாழ 6,000 பவுண் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அந்நாளில் அது பெருந்தொகை. ஆனால், தொடக்கத்தில் லீட்ஸ் இரசிகர் பலர் அவனை ஏளனஞ் செய்தனர். எதிரியை வீழ்த்தும் திறன் போதாது என்பது குற்றச்சாட்டு. அன்றே அவனைக் கைவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கழகம் பொறுத்தது, வேறு இடங்களில் நிறுத்தி ஆடவிட்டது. 1956-57ஆம் பருவத்தில் அவன் பெற்ற புள்ளிகள் 496! ஆற்றல் அவனிடம் முன்னரே இருந்தது. அதற்கு ஏற்ற இடமுங் காலமுமே தேவைப்பட்டன.

பின்னர் விதியே மாறியது. 1968இல், தன் 25 யார்க் கோட்டுக்கு முன்னால் நின்று பந்தை நேரே வெளியே உதைப்பவனுக்கு எவ்வித முன்னேற்றமும் இல்லை என்ற ஏற்பாடு சோதனையாகப் புகுந்து, பின்னர் நிலைத்தது. எனவே கடைக்காவலன் ஓடியே தீரவேண்டியதாயிற்று. மறு ஆண்டில் பத்தொன்பது வயது ஜே. பி. ஆர். வில்லியம்ஸ் வேல்ஸ் அணியிற் புகுந்து, மதிலே படையாகவும் எழலாம் என்று உலகுக்குக் காட்டினார். நேற்றைய அளவுகோலைக் கொண்டு நாளைய ஆட்டக்காரனை அளப்பவர் ஏமாறுவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் எதைப் பார்ப்பது? பந்து வந்தபின் அவன் செய்வதைவிட, வருமுன் செய்வதைப் பார்க்க வேண்டும். எதிரணியில் உதைக்கப் போகிறவனுடைய காலை அவன் கவனிக்கிறானா? ஆட்டம் இடப்பக்கம் சாயும்போது தானும் நகர்ந்து வெற்றிடத்தை அடைக்கிறானா? நன்றாக நிற்கத் தெரிந்தவன் பெரும்பாலும் ஓடவே வேண்டியதில்லை. பந்து தானாக அவனிடம் வந்ததுபோலத் தோன்றும். தனியே ஓடி வருபவனை நேரே எதிர்கொள்ளாமற் பக்கக் கோட்டை நோக்கி ஒதுக்குகிறானா? அவ்வாறு செய்பவனுக்கு அக்கோடே இன்னொரு காவலன். முன்னால் நிற்பவர்களை அழைத்து எச்சரிக்கிறானா? மைதானம் முழுவதையும் காண்பவன் அவன் ஒருவனே; அவன் வாய் மூடியிருந்தால் அணிக்குக் கண் இல்லை.

உடல் வளர்ச்சி கண்டு மயங்கலாகாது. பதினைந்து வயதிலேயே ஆள் போல் வளர்ந்தவன் சிறுவர் நடுவே மலைபோற் காட்சியளிப்பான். மூன்றாண்டு சென்றால் ஏனையோரும் வளர்ந்துவிடுவர். வலிமை பின்னரும் வரும். இடமறியும் அறிவு வாய்த்தவனைக் காத்திருந்து வளர்த்தல் நன்று.

யாவற்றினும் மேலாக, தவறிய பின் வரும் பத்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த பந்து எவர் கையையும் ஏமாற்றும். அடுத்த பந்து எழும்போது அவன் முன்வருகிறானா, பின்வாங்குகிறானா என்பதே கேள்வி. 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பொருதும் பிராட்பி கேடயத்தில் ஒரு நல்ல மரபுண்டு. கண்டியில் ஒன்றும் கொழும்பில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்கள். இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படும். முதலாட்டத்தில் இடறியவனுக்கு இரண்டாவதில் நிமிர ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. கேடயத்துக்கு வகுத்த அந்நீதியைச் சிறுவனுக்கும் வழங்கலாமன்றோ?

1995இல் பதினைவர் ஆடும் றக்பியும் ஊதியத்துக்கு வாயிலைத் திறந்தது. ஆகவே இன்று ஒரு மாணவனை அணியிலிருந்து நீக்கும் சொல் அவன் மாலைப்பொழுதை மட்டுமன்றி, வருங்காலப் பிழைப்பையும் தொடக்கூடும். பார்வையாளர் நினைவில் நிற்பது நழுவிய ஒரு பந்து. நழுவாத இருபது பந்துகளையும் எண்ணி வைத்திருப்பவரே நல்ல பயிற்சியாளர். பதினால்வர்க்கும் பின்னே தனித்து நிற்கும் அச்சிறுவனுக்குப் பின்னால் வேறு எவரும் இல்லை. அவன் ஆசிரியராவது நிற்கட்டும்.