வதந்தியும் உளநூலாரும்

மனித உள்ளத்தை ஆராய்வோர்க்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. இரும்பின் இயல்பை அறிய விழைவோர் அதனைக் காய்ச்சிப் பார்க்கலாம். அச்சத்தின் இயல்பை அறிய விழைவோர் ஓர் ஊரையே அச்சுறுத்திப் பார்த்தல் ஆகாது. பின்னர் எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாற்றில் நம் நாட்டு அறிஞர் இருவர்க்குச் சிறப்பிடம் உண்டு.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. முங்கேர் நகரம் இடிந்து வீழ்ந்தது; பல்லாயிரவர் மாண்டனர். அதனையடுத்து வதந்திகள் எழுந்தன. பாட்னாவைப் புயல் தாக்கும் என்றனர். சந்திர கிரகணத்தன்று நிலம் மீண்டும் நடுங்கும் என்றனர். இவற்றைத் திரட்டி ஆராய்ந்தவர் ஜமுனா பிரசாத். அவருடைய கட்டுரை 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளிவந்தது. அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் கண்ணாற் காணாத மக்களிடையே இன்னும் கொடிய கேடு வரும் என்ற பேச்சுப் பரவியமை அதில் புலனாயிற்று.

டார்ஜீலிங் நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த சின்ஹா 1952-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கு மக்கள் அழிவை நேரிற் கண்டவர்கள். வரப்போகும் பேரழிவைப் பற்றிய வதந்திகள் அவர்களிடையே அவ்வாறு பெருகவில்லை. அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் எழுதிய நூலில் இவ்விரு ஆய்வுகளையும் ஒப்பிட்டார். அச்சம் உள்ளத்தில் இருக்கிறது. அதற்கேற்ற காரணமோ கண்முன் இல்லை. அம்முரண்பாட்டைத் தீர்க்க மனம் காரணத்தைப் படைத்துக்கொள்கிறது என்பது அவர் கொள்கை.

ஆயினும் நிலநடுக்கமும் நிலச்சரிவும் ஒன்றல்ல. ஊரும் காலமும் வேறு. வேற்றுமை பல இருப்பின் விளைவுக்குக் காரணம் இதுவே எனத் துணிதல் அரிது. ஆதலின் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் சோதனை ஒன்று நடத்தி, 1959-இல் வெளியிட்டனர். மாணவர்கள் ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை செய்தனர். பின்னர், அவ்வேலை இன்பமானது என அடுத்து வருபவரிடம் கூறுமாறு சிலர்க்கு 1 டாலரும், சிலர்க்கு 20 டாலரும் தரப்பட்டன. ஒப்பு நோக்குவதற்காக, பொய் சொல்லாத மூன்றாம் குழுவும் இருந்தது. 1 டாலர் பெற்றவரே வேலையை மிகுதியும் விரும்பியதாகக் கூறினர். பொய்க்குப் போதிய கூலி இல்லாதபோது, அதனை மெய்யென மனம் கொள்ள முற்பட்டது.

இங்கே அறவினா எழுகிறது. அம்மாணவர்கள் சோதனையின் உண்மை நோக்கத்தை அறியாதிருந்தனர். முடிவில்தான் அது விளக்கப்பட்டது. மனிதரை ஆய்வுக்கு உட்படுத்த அவர்தம் இசைவு இன்றியமையாதது என 1947-இல் நியூரம்பெர்க் நெறிமுறை வகுத்தது. 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட நெறிகள் சமூக, நடத்தை ஆய்வுகளையும் தழுவுகின்றன. ஆய்வுக்கு முன் அறநெறிக் குழுவின் ஒப்புதல், விளக்கமறிந்த இசைவு, விரும்பும்போது விலகும் உரிமை, மந்தணம் காத்தல் ஆகியன அடிப்படைகள். உண்மையை மறைத்தல் வேறு வழியில்லாதபோது மட்டுமே ஏற்கப்படும். பின்னர் அதனை விளக்குதல் கடன்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. 2012 ஆகஸ்டில், தாக்குதல் நேரும் என்ற வதந்தியால், வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினர். முந்திய மாதத்தில் அஸ்ஸாமில் நிகழ்ந்த கலவரம் அச்சத்தை முன்னரே விதைத்திருந்தது. இத்தகைய வேளையில் அஞ்சுவோரைப் பொய்யர் எனக் கடிதல் பயன் தராது. செய்தி எங்கிருந்து வந்தது, நேரிற் கண்டவர் யார் என வினவுவோம். அதனோடு, அச்சம் எதனால் முளைத்தது என்பதையும் பரிவோடு கேட்டறிவோம்.