சர்வர் தேர்வு (இணையவழிப் பாத்திர விளையாட்டுகள்)

பெருந்திரள் இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் புதிதாகச் சேர்பவர், தம் கதாபாத்திரம் எந்த சர்வரில் வாழப்போகிறது என்று முடிவு செய்வதே சர்வர் தேர்வு. பல விளையாட்டுகளில் பெயர், இனம், தொழில் எல்லாவற்றுக்கும் முன்னதாக இந்தப் பட்டியல்தான் திரையில் வரும். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு இது. ஆனால் யாருடன் சேர்ந்து ஆடலாம், எந்த மணிக்கு ஆள் கூடும், சந்தையில் பொருள் கிடைக்குமா, சண்டையில் கட்டளை எவ்வளவு விரைவாகப் போய்ச் சேரும் என்பவை பெருமளவு இதைப் பொறுத்தவை. சர்வர் என்னும் இந்தப் பிரிவுகளை வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) ‘ரியல்ம்’ என்றும், ஃபைனல் ஃபேன்டஸி 14 ‘வேர்ல்டு’ என்றும், அல்டிமா ஆன்லைன் ‘ஷார்டு’ என்றும் அழைக்கின்றன.

தோற்றம்

1997 செப்டம்பரில் ஒரிஜின் நிறுவனம் வெளியிட்ட அல்டிமா ஆன்லைன், ஒரே உலகத்துக்குப் பல படிகள் என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியது. அதற்குக் கதையிலேயே காரணமும் வைத்தார்கள்: மான்டெய்ன் என்ற மந்திரவாதியின் மணிக்கல் உடைந்தபோது ஒவ்வொரு சில்லிலும் பிரிட்டானியா நாட்டின் ஒரு பிரதி தங்கிவிட்டதாம். உண்மைக் காரணம் இரண்டு. ஒரு கணினித் தொகுதி தாங்கக்கூடிய ஆட்டக்காரர்களுக்கு வரம்பு உண்டு. நிலமும் அப்படித்தான், நூறு பேருக்காக வரைந்த காட்டில் ஆயிரம் பேர் இறங்கினால் வேட்டையாட விலங்கு மிஞ்சாது. 2019 ஆகஸ்டில் வாவ் விளையாட்டின் பழைய வடிவமான வாவ் கிளாசிக் தொடங்கியபோது இது கண்கூடாகத் தெரிந்தது. தொடக்கநிலைப் பணிகளில் கொல்ல வேண்டிய ஓர் எதிரி மீண்டும் தோன்றும்வரை, ஆட்டக்காரர்கள் தாமாகவே ஒருவர்பின் ஒருவராக வரிசை கட்டி நின்றார்கள்.

தொடக்க ஆண்டுகளில் சர்வர் என்பது ஓர் ஊர்போல இருந்தது. திறமையானவர் பெயரும் தெரியும், கொள்ளைப் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர் பெயரும் தெரியும். 2006 ஜனவரியில் வாவ் விளையாட்டில் ஆன்கிராஜ் என்ற பகுதியின் வாயில்களைத் திறக்க ஒவ்வொரு ரியல்மும் தனித்தனியே உழைக்க வேண்டியிருந்தது. செம்புக் கட்டிகள், காயக் கட்டுத்துணிகள், சமைத்த மீன், இறைச்சி என விளையாட்டில் மோதும் இரு தரப்பும் குறித்த அளவு சேர்த்தால்தான் வாயில் திறக்கும். ஆள் மிகுந்த ரியல்ம்கள் விரைவில் முடித்தன, மற்றவை காத்துக்கிடந்தன. ஒரே விளையாட்டு, ஒரே சந்தா, ஆனால் சர்வருக்குச் சர்வர் வேறு வரலாறு.

தொலைவும் தாமதமும்

ஆட்டக்காரரின் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் ‘பிங்’ எனப்படும். மில்லி விநாடியில் அளப்பார்கள். இதன் அடிமட்டத்தை இயற்பியல் விதிக்கிறது. கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம், அதில் போய்வர 32 மில்லி விநாடி. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் நேர்க்கோட்டிலேயே 7,500 கி.மீ.க்கு மேல், 75 மில்லி விநாடிக்குக் கீழே இறங்க வழியே இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கி.மீ.க்கு மேல், குறைந்தது 130. கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியிலுள்ள கருவிகளும் நேரம் எடுக்கும் என்பதால் நடைமுறை அளவு இவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். வீட்டு இணையத்தின் வேகத்தைக் கூட்டினாலும் இந்தத் தூரம் குறையாது.

எவ்வளவு பிங் தாங்கும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் கட்டளைகளைக் கணக்கில் எடுக்கிறது. அதில் 150 மில்லி விநாடி பெரிதாக உறைக்காது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் பெரும்பாலான தாக்குதல்களுக்கிடையே அடிப்படையாக 2.5 விநாடி இடைவெளி உண்டு. ஆனால் எதிரி தரையில் குறித்துக் காட்டும் ஆபத்து வட்டத்திலிருந்து விலகும்போது கதை வேறு. அடி விழும் கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை சர்வர்தான் தீர்மானிக்கிறது. உங்கள் திரையில் வட்டத்தைத் தாண்டி வந்திருப்பீர்கள். அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்வதற்குள் அடி விழுந்திருக்கும். மனிதரோடு மனிதர் மோதும் ஆட்டங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

இதனால்தான் நிறுவனங்கள் வட்டாரந்தோறும் சர்வர் திறக்கின்றன. வாவ் விளையாட்டின் ஓசியானிய ரியல்ம்கள் பெயரளவில் ஆஸ்திரேலியருக்கானவையாக இருந்தும், 2014 வரை அமெரிக்காவிலிருந்தே இயங்கின. அந்த ஆண்டுதான் ஆஸ்திரேலியாவுக்கு வந்தன. ஃபைனல் ஃபேன்டஸி 14 அதே வட்டாரத்துக்காக ‘மட்டீரியா’ தரவு மையத்தை 2022 ஜனவரியில் திறந்தது. 2017-இல் ஒரே உலகமாகத் தொடங்கிய ஆல்பியன் ஆன்லைன், 2023 மார்ச்சில் ஆசிய சர்வரையும் 2024 ஏப்ரலில் ஐரோப்பிய சர்வரையும் தனித்தனி உலகங்களாகத் தொடங்கியது. ஒன்றில் வளர்த்த கதாபாத்திரம் மற்றொன்றில் இருக்காது.

நேரமும் மொழியும்

பிங் குறைவான சர்வரே நல்ல சர்வர் என்ற எண்ணம் பாதிதான் சரி. உயர்நிலைக் குழுச் சண்டையான ‘ரெய்டு’க்கு ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் எட்டுப் பேர் வேண்டும், வாவ் விளையாட்டின் கடினமான நிலைக்கு இருபது பேர். இவர்கள் வாரத்தில் குறித்த நாள்களில், குறித்த மணிக்குக் கூடுவார்கள். அது பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் இரவு 8 மணியை ஒட்டியதாக இருக்கும். தமிழ்நாடு, இலங்கை நேரப்படி பார்த்தால், சிங்கப்பூரின் இரவு 8 மணி நமக்கு மாலை 5.30. சிட்னியின் இரவு 8 மணி நமக்குப் பிற்பகல் 3.30, அங்குக் கோடைக்காலமானால் 2.30. மத்திய ஐரோப்பாவின் இரவு 8 மணி கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. அமெரிக்கக் கிழக்குக் கரையின் இரவு 8 மணி கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30. அலுவலகம் முடிந்து இரவு 9 மணிக்கு ஆட உட்காருபவருக்கு, அருகிலுள்ள சிங்கப்பூர் சர்வரில் நள்ளிரவு நெருங்கியிருக்கும்; தொலைவான ஐரோப்பிய சர்வரில் அப்போதுதான் மாலைக் கூட்டம் சேரத் தொடங்கும். பிங்கையும் கடிகாரத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மொழியும் அப்படியே. வாவ் விளையாட்டின் ஐரோப்பிய ரியல்ம்கள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன் என மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டவை. பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைச் சொடுக்குபவர், அரட்டைப் பெட்டியில் ஒரு சொல்லும் புரியாமல் விழிக்க நேரும்.

மக்கள்தொகை

ஆள் குறைந்த சர்வரில் குகைச் சண்டைக்குக் குழு சேராது, ஏல மண்டபம் வெறிச்சோடும். ஆள் மிகுந்த சர்வரில் நுழையவே வரிசையில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே விளையாட்டில் சில மாத இடைவெளியில் பார்த்தவர்கள் நியூ வேர்ல்டு ஆட்டக்காரர்கள். 2021 செப்டம்பர் இறுதியில் அமேசான் அதை வெளியிட்டபோது, ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 9 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள்; பல சர்வர்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் காத்திருந்தனர். கூட்டம் கலைந்ததும் அதே சர்வர்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக் 2017 நவம்பரில் 17 சர்வர்களை ஐந்தாகச் சுருக்கியது. ஆகவே வெளியீட்டு வாரத்துக் கூட்டத்தை வைத்து ஒரு சர்வரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. அந்த வாரத்தில் நடுத்தரக் கூட்டமுள்ள சர்வர் சில மாதங்களில் காலியாகிவிடக்கூடும். நிரம்பி வழிந்தது அளவாக அமையக்கூடும்.

இரு தரப்பு மோதும் விளையாட்டுகளில் மொத்த எண்ணிக்கை போதாது; பங்கீடும் முக்கியம். வாவ் கிளாசிக்கில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய போர் ரியல்ம்கள் பலவற்றில் ஒரு தரப்பு சற்று மேலோங்கியதும் மறுதரப்பினர் வேறிடம் பெயர்ந்தார்கள்; முடிவில் ஒரே தரப்பு மட்டும் மிஞ்சிய ரியல்ம்களும் உண்டு. எதிரியைத் தேடி அங்கே போனவருக்கு எதிரி கிடைப்பதில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இந்த ஏற்றத்தாழ்வைச் சலுகை கொடுத்துச் சமன்செய்யப் பார்க்கிறது. ஆள் தேவைப்படும் வேர்ல்டுகளில் புதிதாகச் சேர்பவருக்குக் குறித்த நிலைவரை இரட்டிப்பு அனுபவப் புள்ளிகள் தருகிறது.

விதி வேறுபாடுகள்

சில சர்வர்களில் எவரும் எவரையும் தாக்கலாம். சிலவற்றில் இசைவு இருந்தால் மட்டுமே. அல்டிமா ஆன்லைன் 2000-இல் தன் உலகையே இரண்டாக்கியது: தாக்குதலுக்கு இடமுள்ள ஃபெலூக்கா, இடமில்லாத டிராமெல். வாவ், 2018 முதல் தன் நடப்புப் பதிப்பில் போர் ரியல்ம் வேறுபாட்டையே நீக்கி, ஒவ்வொருவரும் ‘வார் மோடு’ என்ற விசையைத் தாமே போட்டுக்கொள்ளும்படி செய்தது. கிளாசிக்கில் பழைய பிரிவு தொடர்ந்தது. பாத்திரத்துக்கேற்பப் பேசி நடிப்பதற்கான ரியல்ம்களில் கேலியான பெயர்களுக்கு அனுமதி இல்லை. கிளாசிக்கில் 2023 ஆகஸ்டில் வந்த ‘ஹார்ட்கோர்’ ரியல்ம்களில் ஒருமுறை இறந்த கதாபாத்திரம் அங்கே மீண்டு எழாது. பழகும் காலத்தில் இது கசப்பையே தரும். எவர்குவெஸ்ட் 2006 முதல் நடத்திவரும் ‘படிப்படியான’ சர்வர்களைப் போன்ற புதுத் தொடக்க சர்வர்களில் அனைவரும் வெறுங்கையோடு தொடங்குவதால் புதியவர் பின்தங்குவதில்லை.

குறையும் தடைகள்

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சர்வர்களுக்கிடையிலான தடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. வாவ் 2013-இல் சிறு ரியல்ம்களை இணைத்தது. 2022-இல் மூலப்பொருள் சந்தையை வட்டாரம் முழுமைக்கும் பொதுவாக்கியது. கில்டு வார்ஸ் 2, 2014 ஏப்ரலில், வெவ்வேறு சர்வர்களின் ஆட்டக்காரர்களை ஒன்றாகச் சேர்க்கும் மெகாசர்வர் முறைக்கு மாறியது. ஃபைனல் ஃபேன்டஸி 14, 2019-இல் ஒரே தரவு மையத்தின் பிற வேர்ல்டுகளுக்கும், 2022-இல் பிற தரவு மையங்களுக்கும் சென்றுவர வழிவிட்டது. ஆனாலும் வீடும், ‘ஃப்ரீ கம்பெனி’ எனப்படும் சங்கமும் சொந்த வேர்ல்டிலேயே இருக்கும். வெளியூர்ச் சந்தையில் வாங்கலாம். விற்பனை சொந்த வேர்ல்டில்தான்.

ஈவ் ஆன்லைன் 2003 முதலே, உலகைப் பல படிகளாகப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு எதிர்வழியில் போகிறது. சீனா நீங்கலாக உலகெங்குமுள்ளோர் ‘ட்ரான்குவிலிட்டி’ என்ற ஒரே சர்வரில் ஆடுகிறார்கள். ஓரிடத்தில் ஆயிரக்கணக்கானோர் மோதும்போது அங்குள்ள காலமே பத்தில் ஒரு பங்கு வேகம்வரை குறைக்கப்படும். 2014 ஜனவரியில் நடந்த பி-ஆர்5ஆர்பி போர் இவ்வாறு சுமார் 21 மணி நேரம் நீண்டது. ரூன்ஸ்கேப்பில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் விரும்பிய வேர்ல்டைத் தேர்ந்துகொள்ளலாம். இத்தகைய விளையாட்டுகளில் புதியவருக்கு சர்வர் தேர்வுக் கவலையே இல்லை.

இடமாற்றம்

தவறான சர்வரில் சேர்ந்தவர் பணம் கட்டி மாறலாம். வாவ் விளையாட்டில் அமெரிக்க விலை ஒரு கதாபாத்திரத்துக்கு 25 டாலர். எடுத்துச்செல்லும் தங்கத்துக்கும் வரம்பு உண்டு. நெரிசலான சர்வரிலிருந்து வெளியேறுவோருக்கு நிறுவனங்கள் அவ்வப்போது இலவச மாற்றம் தருகின்றன. ஆனால் வாவ் விளையாட்டின் அமெரிக்க வட்டாரத்திலிருந்து ஐரோப்பிய வட்டாரத்துக்குக் கதாபாத்திரத்தைக் கொண்டுபோக எந்தக் கட்டணத்திலும் வழியில்லை.

அனுமதியின்றித் தனியார் நடத்தும் சர்வர்களில் சந்தா இருக்காது, உத்தரவாதமும் இருக்காது. வாவ் விளையாட்டின் பழைய வடிவத்தை நடத்திய நோஸ்டால்ரியஸ், வாவ் விளையாட்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனத்தின் சட்ட எச்சரிக்கையால் 2016 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கு ஆடியவர்களின் உழைப்பும் அதோடு நின்றது. அதையொட்டி எழுந்த கோரிக்கைக் குரல் பின்னாளில் அதிகாரபூர்வ கிளாசிக் பதிப்புக்கு ஒரு தூண்டுதலானது.

தேர்வு முறை

தேர்ந்த விளையாட்டில் எதைப் பிறகு மாற்ற முடியாது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. மாற்ற முடிந்தவற்றில் தவறினால் இழப்பு கொஞ்சம் பணம், கொஞ்சம் பொழுது. வட்டாரம் பெரும்பாலும் மாற்ற முடியாதது. ஆகவே முதல் இடம் அதற்கே. நண்பர்கள் ஏற்கெனவே ஆடினால் அவர்கள் இருக்கும் சர்வரே பெரும்பாலும் சரியான விடை. சற்றுக் கூடுதல் பிங்கைப் பழகிக்கொள்ளலாம், தனிமையைப் பழகிக்கொள்வது கடினம். அடுத்து விதி வகை, அதன்பின் மக்கள்தொகை. திரையில் காட்டும் ‘அதிகம்’, ‘குறைவு’ என்ற குறிப்புகளை மட்டும் நம்பாமல், தாம் வழக்கமாக ஆடப்போகும் மணியில் ஒரு சோதனைக் கதாபாத்திரத்தோடு நுழைந்து, தலைநகரில் ஆள் நடமாட்டத்தையும் அரட்டையையும் சிறிது நேரம் கவனிப்பது நல்லது. வாவ் 20-ஆம் நிலைவரை கட்டணமின்றி ஆட விடுகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இலும் இலவசச் சோதனைப் பதிப்பு உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று சர்வர்களை இப்படி ஒப்பிட்டுவிடலாம்.