மனிதரற்ற காட்டின் விலை

தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் தனியார் விலங்குக் காப்பகத்தில் விடியற்காலையில் புறப்படும் கூரையற்ற வண்டிகளின் முன்மூக்கில், பானெட்டின் இடப்புறமாகத் தனி இருக்கை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் அமர்ந்திருப்பவர் தடம் பார்ப்பவர். மணலில் கிடக்கும் சுவடு நேற்றையதா, பனி இறங்கிய பின் பதிந்ததா, சிறுத்தை தனித்துச் சென்றதா, குட்டியுடன் சென்றதா என்பதை ஓடும் வண்டியிலிருந்தே அவர் படித்துவிடுவார். அவர் கைகாட்டிய பின்னரே வண்டி பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கும். அண்டையில் உள்ள குரூகர் தேசியப் பூங்காவுக்குச் சொந்தக் காரில் வரும் பயணிக்கு இவ்வாறு பாதை விலகிச் செல்ல அனுமதி இல்லை. தனியார் காப்பகத்தில் ஓர் இரவுக்குச் செலுத்தும் பெருந்தொகையில் ஒரு பங்கு இந்த உரிமைக்காகத்தான்.

இத்தடம் பார்ப்பவர்களில் பலர் ஷங்கான் எனப்படும் ட்ஸோங்கா மொழி பேசும் மக்கள். பயணி ‘கைபடாத இயற்கை’ என்று கருதி வியக்கும் இந்நிலத்தில் ஒரு காலத்தில் அவர்களுடைய மூதாதையரின் ஊர்கள் இருந்தன. சாபி சாண்டின் வரலாறு பெரும்பாலும் விலங்குகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதை நிலத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும்.

1898-இல் ட்ரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர், சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியைக் காப்பகமாக அறிவித்தார். மறு ஆண்டே போர் மூண்டது. வென்ற ஆங்கிலேயர் 1902-இல் அதன் முதல் காப்பாளராக ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்துப் படை அதிகாரியை அமர்த்தினர். பொறுப்பேற்றதும் அவர் செய்த முதற் பணிகளுள் ஒன்று, காப்பகத்தினுள் வாழ்ந்த மக்களை வெளியேற்றியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகற்றப்பட்டனர் என்பது ஆய்வாளர்கள் தரும் கணக்கு. மக்கள் அவருக்கு ‘ஸ்குகூஸா’ என்று பெயரிட்டனர். துடைத்துப் பெருக்குபவர் என்பது அதன் பொருள். இன்று குரூகர் பூங்காவின் தலைமை முகாம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. வசையை விருதாக அணிந்துகொள்வது ஆட்சியாளர்களுக்கு அரிய கலை அல்ல.

அவரை வெறும் கொடியவராகச் சித்திரிப்பதும் பிழையே. வேட்டையாடிகளிடமிருந்தும் சுரங்க நிறுவனங்களிடமிருந்தும் மேய்ச்சல்காரர்களிடமிருந்தும் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் போராடியிராவிட்டால் அப்பகுதியில் யானையும் சிங்கமும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. ஆளில்லாக் காடு தன் அன்றாட வேலைகளுக்கே உதவாது என்பதையும் விரைவில் உணர்ந்து, வாடகைக்கும் உழைப்புக்கும் ஈடாகச் சிலரைத் தங்கவிட்டார். 1937-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘தென்னாப்பிரிக்க ஏதேன்’. ஏதேன் என்பது மனிதர் வெளியேற்றப்பட்ட தோட்டம் என்பதை அவர் எண்ணிப் பார்த்துத்தான் அப்பெயரைச் சூட்டினாரா என்று வாசகர் மனம் கேட்கவே செய்யும்.

அன்றைய காப்பகத்தின் மேற்குப் பகுதி நில நிறுவனங்களுக்கும் வெள்ளையருக்கும் உரிய பண்ணைகளாகப் பத்திரத்தில் பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே 1926-இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறியபோது அப்பண்ணைகள் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டமோ, ஒதுக்கப்பட்ட சிறு பகுதிக்கு வெளியே கறுப்பின மக்கள் நிலம் வாங்குவதை முன்பே தடுத்திருந்தது. எனவே அப்பண்ணைகள் விலைக்கு வந்தபோது யார் வாங்க முடியும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதே 1926-இல் சார்ல்ஸ் வார்ட்டியும் ஃபிராங்க் உங்கரும் ‘ஸ்பார்ட்டா’ என்னும் பண்ணையைச் சிங்க வேட்டைக்காக வாங்கி, மண் குடிசைகள் சில எழுப்பினர். பிற்காலத்தில் புகழ்பெற்ற லாண்டொலோஸி விடுதியின் தொடக்கம் அதுதான். 1948-இல் நில உரிமையாளர்கள் ஒன்றுகூடிச் சாபி சாண்ட் அமைப்பை முறையாக நிறுவினர்.

துப்பாக்கி ஒளிப்படக் கருவியாக மாறியது 1960-களிலும் 1970-களிலும். 1969-இல் தந்தையை இழந்த டேவ், ஜான் என்னும் வார்ட்டி சகோதரர் இருவரும் அப்போது பள்ளிப் பருவத்தைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்தனர். நிலத்தைக் காக்க அவர்களுக்குத் தோன்றிய ஒரே வழி, பார்வையாளர்களை அழைத்து வந்து கட்டணம் பெறுவது. ஆனால் காட்ட விலங்குகள் மிகுதியாக இல்லை. கால்நடை மேய்ச்சலால் மண் அரித்து ஓடைகள் பிளந்து, புல்வெளியை முட்புதர் மூடியிருந்தது. சூழலியலாளர் கென் டின்லி சொல்லித் தந்தபடி புதரை வெட்டி அரிப்புப் பள்ளங்களில் அடுக்கினர். ஈரம் தங்கியது, புல் திரும்பியது, புல்லைத் தொடர்ந்து மான்களும் அவற்றைத் தொடர்ந்து ஊனுண்ணிகளும் வந்தன. ஆதி வனம் என்று பயணி நம்பும் காட்சியில் பாதி இவ்வாறு வெட்டியும் அடுக்கியும் உருவாக்கப்பட்டது. அதில் குறை காண ஏதுமில்லை. 1993-இல் குரூகர் பூங்காவுக்கும் சாபி சாண்டுக்கும் இடையில் இருந்த வேலியும் அகற்றப்பட்டது. சுமார் 65,000 ஹெக்டேர் தனியார் நிலம் விலங்குகளின் கால்களுக்குப் பூங்காவோடு ஒன்றாயிற்று.

மறு ஆண்டில் நிறவெறி ஆட்சி முடிவுற்றது. இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் 1913-க்குப் பின் நிலம் இழந்தோர் அதைத் திரும்பக் கோரலாம் என 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. குரூகர் பூங்காவின் வடகோடியிலிருந்து 1969-இல் பெயர்க்கப்பட்ட மக்குலேகே மக்கள் 1998-இல் தம் நிலத்தைப் பெற்றனர். அது அரசு நிலமாதலால் கொடுப்பதில் பெருந்தடை எழவில்லை. சாபி சாண்டின் புகழ்பெற்ற மலா மலா பகுதியில் 13,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு எழுந்த கோரிக்கையே கடினமானது. பத்திரம் தனியாரிடம் இருந்தது. அரசு அதை விலைக்கு வாங்கித்தான் தரவேண்டும்.

அவ்விலையைத்தான் இவ்வரலாற்றின் கசப்பான இடமாக நான் கருதுகிறேன். வேட்டைக்கும் ஒளிப்படத்துக்கும் பெயர்பெற்றதால், வீடுகளும் வயல்களும் இல்லாததால், சிறுத்தைகள் வண்டிகளுக்கு அஞ்சாததால், அந்நிலம் உலகச் சந்தையில் பெருமதிப்பு எய்தியிருந்தது. 2012-இல் நில உரிமை நீதிமன்றம், இத்துணை பெருந்தொகை செலவிட்டு நிலத்தைத் திருப்பித் தருவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. கோரியவர்களின் மூதாதையர் அங்கே இல்லாமற்போனதால் ஏறிய விலையே, அவர்கள் திரும்ப முடியாமைக்குக் காரணமாகக் காட்டப்பட்டது! வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்தை எட்டியது. அங்கே முடிவு காணுமுன், 2013-இல் அரசு ஏறத்தாழ 100 கோடி ராண்ட் கொடுத்து நிலத்தை வாங்கி, ந்வாண்ட்லம்ஹாரி சமூகத்தின் பொதுச்சொத்து அமைப்பிடம் ஒப்படைத்தது.

நிலம் கைக்கு வந்தபின் அச்சமூகம் அங்கே ஊர் எழுப்பவில்லை. விடுதி அதே பெயரில் நடந்துவருகிறது. பழைய குடிகளின் வழிவந்தோர் நிலவுடைமையாளர்களாகக் குத்தகை பெறுகின்றனர். அவர்களுடைய வீடுகள் காப்பகத்தின் மேற்கு வேலிக்கு வெளியே உள்ள ஊர்களிலேயே இருக்கின்றன.