மணல் தந்த பாதை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலைக் காற்று வாங்கப் புறப்பட்ட சென்னைத் துரைமாரும் துரைசானிகளும் கடற்கரையை நாடவில்லை. குதிரை வண்டிகளை விரட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு வழியாகத் தேனாம்பேட்டை சென்று, அங்கே காரன்வாலிஸ் பிரபுவுக்கு எழுப்பியிருந்த ஞாபகார்த்த மண்டபத்தைக் கோயிலை வலம் வருவதுபோலச் சுற்றிச் சுற்றி வந்தார்கள் என்று மரியா கிரஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் பிரயாணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அம்மண்டபம் பிற்பாடு இடம் பெயர்ந்து இன்று கோட்டைக்குள் நிற்கிறது. ஞாபகார்த்த மண்டபத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அமைந்த செனடாப் ரோடு என்ற பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. இந்நகரவாசிகள் தேகத்துக்கு இதமான ஒரு வழியைத் தேடிய சரித்திரத்தில் நான் அறிந்த முதல் அத்தியாயம் அது.

கடற்கரை அந்நாளில் உலாவுவதற்கு ஏற்றதாக இல்லை. சேப்பாக்கத்தில் 1768-இல் எழுந்த ஆற்காட்டு நவாபின் அரண்மனை கடலை ஒட்டிய நிலத்தைத் தன் வசம் வைத்திருந்தது. அலைகளும் நாம் இன்று காண்பதைவிட வெகு அருகில் வந்து மோதின. 1855-இல் நவாப் வாரிசின்றி இறந்தபின் அரண்மனை சர்க்காரின் கைக்குப் போயிற்று. 1869-இல் கூவத்தின் கழிமுகத்தில் நேப்பியர் பாலமும், அதையடுத்து மாநிலக் கல்லூரியும் செனட் மாளிகையும் எழுந்தன. 1881-இல் கவர்னராக வந்த கிராண்ட் டஃப், ஸிஸிலித் தீவின் பலெர்மோ நகரில் தாம் கண்ட கடற்கரை உலாவிடத்தை மனத்திற்கொண்டு இங்கேயும் ஒரு நடைபாதையை அமைத்து, 1884-இல் அதற்கு மெரினா என்று அவ்வூர்ப் பெயரையே சூட்டினார். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரம், குறுக்கே ஒரு வண்டியும் வராமல், வலமிருந்தோ இடமிருந்தோ கடற்காற்று வீச, விடியற்காலையில் நான் ஓடி வருகிற பாதை அதுதான்.

ஆயினும் கவர்னர் போட்டது பாதையை மட்டுமே. அதன் முன்னே விரிந்து கிடக்கும் மணலைப் போட்டது துறைமுகம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கேயிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் அது திரும்பி வந்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். 1876-இல் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் நீட்டப்பட்ட துறைமுகத்தின் கற்சுவர்கள், ஆற்றின் குறுக்கே அணை போட்டாற்போல அந்த ஓட்டத்தை மறித்துவிட்டன. 1881 நவம்பரில் அடித்த புயல் அச்சுவர்களைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள், தெற்கே மணல் குவிந்துகொண்டே போயிற்று. எவ்வளவு குவிந்தது என்பதற்கு ஐஸ் ஹவுஸே சாட்சி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கிச் சேமிப்பதற்காக 1842-இல் கடலோரமாகக் கட்டப்பட்ட அக்கட்டடத்தின் வாசலிலிருந்து இன்று அலையில் கால் நனைக்க, சாலையைக் கடந்து மணலில் நெடுந்தூரம் நடந்தாக வேண்டும். 1897-இல் விவேகானந்தர் தங்கியிருந்ததால் அதை வணங்கிச் செல்பவர் பலர். நான் அதைக் கடலின் பழைய எல்லைக்கல்லாகவும் பார்க்கிறேன்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல். அது வராமற்போகவே, ராயபுரம், காசிமேடு பக்கத்தில் கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. ஒரு நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன். கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். கல்லுக்கும் சாலைக்கும் நடுவே காலை வைக்க ஒரு முழ மணல்கூட இல்லை. கல்லின்மேல் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம், "ஐயா, இங்கே மணற்கரை இருந்ததுண்டா?" என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே, "இருந்துச்சு தம்பி. எங்க பாட்டன் அதுலதான் கட்டுமரத்த இழுத்துப் போடுவாராம்" என்றார். ஓடுவதற்கு நல்ல இடம் கிடைத்ததென்று அதுவரை நான் கொண்டிருந்த சந்தோஷத்தில் அன்றே ஒரு பாரம் ஏறிக்கொண்டது.

மெரினாவில் ஓட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அலை ஓரத்து ஈர மணல் மெத்தென்றிருக்கிறதே என்று மயங்கி நான் ஒரு மாதம் அதில் ஓடினேன். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழுந்து, முழங்காலின் வெளிப்பக்கம் வீங்கிப் படியேற முடியாமற்போயிற்று. நடைபாதையே உத்தமம். கீழ்வானம் வெளுக்கும் வேளையில் கலங்கரை விளக்கத்தருகே திரும்பும்போது, நொச்சிக்குப்பத்துப் படகுகள் கரையேறுவதும், பெண்கள் கூடைகளோடு எதிர்கொண்டு ஓடுவதும் தெரியும். இரவுக் காற்று பாதையின்மேல் பரப்பிவிட்ட மணல் காலடியில் நறநறக்கும். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றி உதறினால் ஒரு கைப்பிடி மணல் விழுகிறது. ராயபுரத்துக்குப் போகவேண்டிய மணல் அது.