வெள்ளவத்தையை எங்கே பிரிப்பது?

காலி வீதியில் பஸ் கொண்டக்டர் "வெள்ளவத்த, வெள்ளவத்த" என்று கத்துவார். நாங்கள் "வெள்ளவத்தையில இறக்கம்" என்போம். வித்தியாசம் ஒரு 'ஐ' தான். ஆனால் அந்த ஐக்குள் கொழும்பின் வரலாறு கொஞ்சம் இருக்கிறது.

சிங்களத்தில் இது வெல்ல + வத்த. முதற்பாதி கடற்கரை மணல், பிற்பாதி தோட்டம். முதல் உயிரொலி எகரத்துக்கும் அகரத்துக்கும் இடையில் நிற்பது. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. லகரமும் ளகரமாகிவிட்டது. அதனால் எங்களில் பலர் இதை வெள்ளம் என்று நினைத்தே வளர்ந்தோம். மழைக்கு லேனெல்லாம் நிரம்பினால் அந்த விளக்கம் சரிபோலவும் தெரியும்!

'வத்த'வின் கடைசி அகரம் தமிழில் ஐகாரமானது. பிறகு மாலை, சாலை போல உருபுகள் இலகுவாக ஒட்டின: வெள்ளவத்தையில், வெள்ளவத்தைக்கு. மருதானையும் தெஹிவளையும் இதே வழிதான். கொட்டாஞ்சேனையில் கதை வேறு. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம் சிங்களத்தில் 'ஹேன'; அந்த இடத்தில் எங்கட 'சேனை' வந்து அமர்ந்தது. குருந்துவத்தவையோ முழுசாக மொழிபெயர்த்தோம்: கறுவாத்தோட்டம். ஆங்கிலேயரும் அதைத்தான் செய்தார்கள்: சினமன் கார்டன்ஸ்.

சில பெயர்களைத் தமிழ் தொடவேயில்லை. ஹல்ஃஸ்டொர்ப் என்பதில் 'டொர்ப்' டச்சு மொழியில் கிராமம். முன்பாதி, 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர். நீதிமன்றத்துக்குப் போகிற நாங்கள் இன்றும் புதுக்கடைக்குத்தான் போகிறோம்.

இதெல்லாம் சொல் விளையாட்டு மட்டும் இல்லை. பம்பலப்பிட்டியை எழுதிப் பாருங்கள். முதல் 'ப'வும் 'பிட்டி'யின் 'ப'வும் எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. தமிழ் வாய் அந்த முதல் ஒலியைச் சிலவேளை மெலிக்காமல் வல்லினமாகவே சொல்லிவிடும். கலவர காலங்களில் ஆட்களை மறித்து, வாளிக்குரிய சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொன்னார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதன் முதலெழுத்தும் அதே மெல்லிய 'ப' தான். சரியாக வராதவர் தமிழர்.

1983 ஜூலையில் எரிந்த வீதிகளில் வெள்ளவத்தையும் உண்டு. போனவர்கள் போக, பலர் திரும்பி வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் புதிதாகப் பலர் வந்து சேர்ந்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வெள்ளவத்தையில." சிங்களச் சொல் இரண்டு, தமிழ் உருபு ஒன்று. பிரித்துப் பார்க்கலாம், ஆனால் எங்கட விலாசம் சேர்த்து எழுதினால்தான் வரும்.