இருபதாண்டுக் கட்டுமானமும் அக்கம்பக்கத்தார் உரிமையும்: மேற்கு ஹார்லெம் தரும் படிப்பினைகள்

1. சிக்கலின் இயல்பு

நகரின் நடுவே ஒரு பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விரிவாக்கும்போது இரண்டு கால அளவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கட்டடம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். வளாகம் முழுவதும் முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சட்டமும் பொறியியலும் முதல் கால அளவைக் கொண்டே பாதிப்பை எடைபோடுகின்றன. தெருவில் குடியிருப்பவரோ இரண்டாவது கால அளவில் வாழ்கிறார்.

ஓசை, தூசி, அதிர்வு, லாரிப் போக்குவரத்து ஆகியவற்றைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் ஏற்கெனவே கைவசம் உள்ளன. அப்படியிருந்தும் அக்கம்பக்கத்தாரின் துன்பம் தீராததற்கு இரண்டு காரணங்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஒன்று, பாதிப்பை அளக்கும் முறையில் காலத்துக்கு இடமில்லை. மற்றொன்று, கண்காணிக்கும் அதிகாரமும் ஈடு வழங்கும் நேரமும் கட்டுபவரின் கையிலேயே இருக்கின்றன. நியூயார்க்கின் மேற்கு ஹார்லெமில் கொலம்பியா பல்கலைக்கழகம் எழுப்பிவரும் மன்ஹாட்டன்வில் வளாகம் இவ்வாதத்தைச் சோதிக்க ஏற்ற களம். அங்கே நல்ல முயற்சிகளும் நடந்தன, ஆழமான தவறுகளும் நேர்ந்தன.

2. மன்ஹாட்டன்வில்: பின்புலம்

கொலம்பியாவுக்கும் ஹார்லெமுக்கும் இடையிலான கசப்பு பழையது. 1968 பிப்ரவரியில் மார்னிங்சைடு பூங்காவில், நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில், பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டத் தொடங்கியது. மேட்டின் மேல் மாணவர்களுக்கு ஒரு வாசல், பள்ளத்தில் ஹார்லெம் மக்களுக்கு வேறொரு வாசல் என்பது திட்டம். இனப்பாகுபாடு என்று கண்டனம் எழுந்தது. ஏப்ரலில் வெடித்த மாணவர் போராட்டத்துக்கு அது ஒரு முக்கியக் காரணமாயிற்று. திட்டம் கைவிடப்பட்டது. தோண்டிய குழி மட்டும் சுமார் இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்து, பின்னர் குளமாக்கப்பட்டது.

இந்த நினைவு மங்காத பகுதியில்தான் 2003-இல் பல்கலைக்கழகம் புதிய விரிவாக்கத்தை அறிவித்தது. 125-ஆம் தெருவுக்கும் 133-ஆம் தெருவுக்கும் இடையே, பிராட்வேக்கு மேற்கே சுமார் 17 ஏக்கர். மொத்தம் 68 லட்சம் சதுர அடி. முதன்மைத் திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ. அப்பகுதியின் 9-ஆம் சமூக வாரியம் தனக்கென ஒரு வளர்ச்சித் திட்டத்தை வைத்திருந்தது. 2007 ஆகஸ்டில் பல்கலைக்கழகத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. வாரியத்தின் வாக்கு ஆலோசனை மட்டுமே. அவ்வாண்டு டிசம்பரில் நகர மன்றம் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது. சூழல் தாக்க அறிக்கை பணியை இரு கட்டங்களாகப் பிரித்தது: முதற்கட்டம் 2015 வரை, இரண்டாம் கட்டம் 2030 வரை. ஜெரோம் எல். கிரீன் அறிவியல் மையம் 2017-இல் திறக்கப்பட்டது. வணிகப் பள்ளியின் இரு கட்டடங்கள் 2022 ஜனவரியில் திறந்தன. ஒப்புதல் கிடைத்த ஆண்டில் பிராட்வேயின் எதிர்ப்பக்கத்தில் பிறந்த குழந்தை இன்று பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருக்கிறது.

அந்த எதிர்ப்பக்கத்தில் இருப்பது மன்ஹாட்டன்வில் ஹவுசஸ் என்னும் பொதுக் குடியிருப்பு. 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட, இருபது மாடி கொண்ட ஆறு கோபுரங்களில் 1,272 வீடுகள். வடக்கே சற்றுத் தொலைவில் 1986-இல் இயங்கத் தொடங்கிய நார்த் ரிவர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அதன் நாற்றத்தையும் பேருந்து பணிமனைகளின் டீசல் புகையையும் எதிர்த்தே 1988-இல் ‘வீ ஆக்ட்’ என்னும் சூழல் நீதி அமைப்பு இங்கு உருவானது. கட்டுமானம் வந்து சேர்ந்தது ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருந்த ஓர் ஊருக்கு.

3. பலித்த தணிப்புகள்

தொழில்நுட்பத் தணிப்பில் கொலம்பியா செய்தவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் அமைப்புடன் கலந்து, கந்தகம் மிகக் குறைந்த டீசலையும், எந்திரங்களின் புகைக்குழாயில் துகள் வடிகட்டிகளையும் பயன்படுத்த முன்வந்தது. சரியாகப் பொருத்திய வடிகட்டி, புகையிலுள்ள நுண்துகளில் 85 விழுக்காட்டுக்கும் மேல் பிடித்துவிடும். நியூயார்க் நகரம் தன் சொந்தச் செலவில் நடக்கும் கட்டுமானங்களுக்கு இதே வகை விதியை 2003-இன் 77-ஆம் உள்ளூர்ச் சட்டத்தின் வழியே, 50 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எந்திரங்களுக்கு, ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது. தனியார் நிறுவனமான பல்கலைக்கழகத்தை அச்சட்டம் கட்டுப்படுத்தாது; தானாக ஏற்றது பாராட்டுக்குரியது.

நிலத்தடிப் பணியிலும் இதே கவனம் தெரிகிறது. ஹட்சன் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பாறையோ ஆழத்தில் கிடக்கும். அங்கே எஃகுத் தகடுகளைச் சம்மட்டி எந்திரத்தால் அடித்து இறக்கினால் சுற்றுக் கட்டடங்கள் அதிரும். அதற்கு மாற்றாகக் குறுகிய, ஆழமான அகழியைத் தோண்டி, அது சரியாமல் களிமண் குழம்பால் நிரப்பி, அந்தக் குழம்பை அடியிலிருந்து கான்கிரீட் மேலே தள்ளும்படி ஊற்றிச் சுவர் எழுப்பும் முறை கையாளப்பட்டது. அடித்தல் இல்லாததால் அதிர்வு வெகுவாகக் குறையும். நீரை இறைக்கும் தேவையும் குறைவதால் அக்கம்பக்கத்து நிலம் அமுங்கும் அபாயமும் தணியும்.

இவை பலித்ததற்குக் காரணம் நல்லெண்ணம் மட்டுமன்று. எந்த எரிபொருள், எந்த வடிகட்டி, எந்தத் தாங்குசுவர் என்பன சரிபார்க்கக்கூடிய வினாக்கள். ஒப்பந்ததாரரின் கடப்பாடுகளில் எழுதிவிட்டால், வேலையிடத்தில் நின்று பார்த்தே மீறலைச் சொல்லிவிடலாம்.

4. அளவீடு தவறும் இடம்

சரிபார்ப்பது எளிதாக இருந்தும் பாதுகாப்புக் கிட்டாத இடம் ஓசை. நியூயார்க்கில் 2007 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஓசை விதிகள் ஒவ்வொரு வேலையிடத்துக்கும் தணிப்புத் திட்டம் வேண்டும் என்கின்றன. வார நாள்களில் காலை 7 முதல் மாலை 6 வரை வேலை நடக்கலாம். அதற்கு வெளியே தனி அனுமதி வேண்டும். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் இந்த விதி தருவது பாதுகாப்பு அன்று. அவர்களுடைய உறக்க நேரம் முழுவதும் வேலை நேரமாகிவிடுகிறது.

வேலையிடத்தைச் சுற்றி எழுப்பும் தடுப்பை எடுத்துக்கொள்வோம். ஓசையின் மூலத்துக்கும் காதுக்கும் இடையிலான நேர்கோட்டை மறித்தால்தான் தடுப்பு பயன் தரும். எட்டடி மரத்தடுப்பு நடைபாதையில் போகிறவரைக் காக்கிறது. பதினைந்தாம் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் பாறை உடைக்கும் பிரேக்கரின் முனையே கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது காதுக்கும் தடையின்றி வரும். இருபது மாடிக் குடியிருப்புக்கு எதிரே தெருமட்டத் தடுப்பைத் தணிப்பாகக் கணக்கிடுவது பெரும்பாலான வீடுகளைக் கணக்கிலிருந்தே நீக்குவதாகும்.

இதைவிட நுட்பமான அநீதி கூடுதல் அளவை வைத்துப் பாதிப்பைத் தீர்மானிக்கும் முறையில் உள்ளது. டெசிபல் மடக்கை அலகு. 60 டெசிபல் உள்ள அமைதியான தெருவில் 70 டெசிபல் எந்திரம் ஓடினால் மொத்தம் ஏறத்தாழ 70.4, கூடுதல் பத்துக்கும் மேல். உயர்பாலத்தில் ரயில் ஓடி, ஏற்கெனவே 70 டெசிபல் உள்ள தெருவில் அதே எந்திரம் ஓடினால் மொத்தம் 73, கூடுதல் மூன்றுதான். எந்திரம் ஒன்றே, அதன் இரைச்சலும் ஒன்றே. ஏற்கெனவே இரைச்சலில் வாழ்கிறவர்களின் பாதிப்பு அறிக்கையில் சிறுத்துத் தெரிகிறது. ஏழைக் குடியிருப்புகள் நெடுஞ்சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பணிமனைகளுக்கும் அருகிலேயே அமைந்திருப்பதால், நடுநிலையானதாகத் தோன்றும் இந்தக் கணக்கு தொடர்ந்து ஒரு பக்கமாகவே சாய்கிறது.

மூன்றாவது குறை காலம். முதல் கட்டடத்தின் அகழ்வு முடிந்து எஃகுச் சட்டகம் எழும்போது பக்கத்து மனையில் இடிப்பு தொடங்குகிறது. ஒவ்வொன்றும் தற்காலிகப் பாதிப்பு என்ற தலைப்பில் தனித்தனியே பதிவாகிறது. அவற்றைக் கூட்டிப் பார்க்கும் பத்தி அறிக்கையில் இருக்கலாம். கூட்டுத்தொகைக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இல்லை. தணிக்க முடியாத பாதிப்பு என்று வெளிப்படையாக எழுதிவைத்துவிட்டு ஒப்புதல் வழங்கவும் நியூயார்க்கின் நடைமுறை இடம் தருகிறது.

முதன்மைத் திட்டத்தின் நிலத்தடி அமைப்பு இதற்கு எடுத்துக்காட்டு. சரக்கு இறக்குதல், வாகன நிறுத்தம், எந்திர அறைகள் ஆகியவற்றைப் பூமிக்கடியில் கொண்டுபோனால் நாளைய தெருவில் லாரிகள் குறையும். ஆனால் அவ்வளவு மண்ணையும் இன்று லாரிகளே சுமந்து செல்ல வேண்டும். எதிர்கால வளாகத்தின் அமைதிக்கு இன்றைய குடியிருப்பாளர் விலை கொடுக்கிறார். காலத்தைக் கணக்கில் கொள்ளாத அளவீட்டில் இந்தக் கைமாற்று பதிவாவதே இல்லை.

5. யார் கண்காணிப்பது?

நிலம் கையகப்படுத்தும் வழக்கு இக்கேள்வியைக் கூர்மையாக்கியது. விற்க மறுத்தவர்களின் இடங்களை எடுக்க வசதியாக, மாநில வளர்ச்சிக் கழகம் அப்பகுதியைச் சீரழிந்த பகுதி என அறிவித்தது. அதற்கான ஆய்வைச் செய்த ஆலோசனை நிறுவனம் அதே திட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்திடமும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 2009 டிசம்பரில் மாநில நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு இதைக் கடுமையாகக் கண்டித்து உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2010 ஜூனில் மாநிலத்தின் உயர்நிலை நீதிமன்றம், வேறொரு நிறுவனம் செய்த இரண்டாவது ஆய்வையும் கருத்தில் கொண்டு, அத்தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி வழக்கு முடிந்தது. அளந்தவரும் பயன்பெறுபவரிடம் கூலி பெற்றவரும் ஒருவரே என்னும் செய்தி அக்கம்பக்கத்தில் ஏற்படுத்திய அவநம்பிக்கை தீர்ப்போடு முடியவில்லை.

2012 மார்ச் 22 அன்று மேற்கு 131-ஆம் தெருவில், விரிவாக்கப் பகுதிக்குள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த பழைய கட்டடம் சரிந்தது. தொழிலாளி ஒருவர் இறந்தார், இருவர் காயமுற்றனர். கண்காணிப்பு யாருக்கு அறிக்கை தருகிறது, வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உள்ளது என்பவை தாளில் முடிகிற கேள்விகள் அல்ல. பணியாளரின் உயிரும் அயலாரின் நலமும் அவற்றைப் பொறுத்தே இருக்கின்றன.

6. ஈட்டின் நேரம்

2009 மே மாதம் பல்கலைக்கழகமும் மேற்கு ஹார்லெம் உள்ளூர் வளர்ச்சிக் கழகமும் 15 கோடி டாலர் மதிப்பிலான சமூக நலன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் 7.6 கோடி நலநிதி. மலிவு வீட்டு நிதி 2 கோடி. பள்ளி ஒன்றுக்கும் பிற சேவைகளுக்கும் எஞ்சியது. தொகை சிறிதன்று. ஆனால் நலநிதி ஆண்டாண்டுகளுக்குத் தவணையாக வருவது. அதைப் பெற்ற அமைப்போ போதிய நிர்வாகக் கட்டமைப்பின்றித் தொடங்கியது. மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் விசாரணைக்குப் பின் 2013-இல் அதன் பொறுப்புகள் புதிய அமைப்புக்கு மாறின. இடிப்பும் அகழ்வும் உச்சத்திலிருந்த முதல் ஆண்டுகளில் ஈட்டை ஒழுங்காக வழங்கும் கருவியே உருப்பெறவில்லை.

ஈடு தாமதமாவதைப் போலவே வேலை நின்றுபோவதும் ஒரு பாதிப்பு. பாஸ்டனின் ஆல்ஸ்டனில் ஹார்வர்டு தன் பெயரை வெளியிடாமல் 52 ஏக்கருக்கும் மேல் வாங்கியது. 1997-இல்தான் ஊராருக்குத் தெரிந்தது. பின்னர் தொடங்கிய அறிவியல் வளாகப் பணி நிதி நெருக்கடியால் 2009 இறுதியில் அடித்தள மட்டத்தில் நிறுத்தப்பட்டது. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகே, மாற்றிய வடிவில் கட்டடம் எழுந்தது. அகழ்வின் துன்பத்தைப் பட்டவர்களுக்குக் கிடைத்தது வேலியிட்ட வெற்று மனை.

7. முன்மொழிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு தெருமுகப்புக்கும் கட்டுமான நாள்களின் மொத்தக் கணக்கு வேண்டும். இடிப்பு, அகழ்வு, பாறை உடைப்பு ஆகிய கடும்பணிகள் ஒரே முகப்பில் தொடர்ந்து நீடிக்காதபடி கட்டாய ஓய்வு இடைவெளி வேண்டும். இரண்டாவது, ஓசை வரம்பை மேல்மாடிச் சன்னலில் அளந்து, கூடுதலாகக் கணக்கிடாமல் மொத்த அளவாக நிர்ணயிக்க வேண்டும். அளவுகள் உடனுக்குடன் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். மூன்றாவது, கண்காணிப்பாளரின் ஊதியம் பல்கலைக்கழகம் முன்கூட்டிச் செலுத்திய தனிக் கணக்கிலிருந்து வர வேண்டும்; அவரைத் தேர்வதிலும் நீக்குவதிலும் குடியிருப்பாளருக்கு வாக்கு வேண்டும்; வரம்பு மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். நான்காவது, இரட்டைச் சன்னல்கள், குளிர்சாதனம், அவற்றுக்கான மின்கட்டணம், வாடகைதாரர் பாதுகாப்பு ஆகியவை முதல் மண்வெட்டு விழுவதற்கு முன்பே நடைமுறையில் இருக்க வேண்டும். சன்னலைச் சாத்திவைக்கச் சொல்லிவிட்டு மின்கட்டணத்தைக் குடியிருப்பாளர் தலையில் கட்டுவது தணிப்பு ஆகாது. ஐந்தாவது, வேலை நின்றால் மனையைப் பாதுகாத்து ஊருக்குப் பயன்படும்படி திருத்த, முன்பணம் பிணையாக வைக்கப்பட வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேலை நேரத்தைக் குறைத்தால் பணி நீளும். நீண்டால் துன்பமும் நீளும். அது உண்மை. நீண்ட நாள் மிதமான ஓசையா, குறுகிய காலக் கடும் ஓசையா என்பதைப் பொறியியல் முடிவு செய்ய இயலாது. இரண்டிலும் தொல்லைப்படுபவர் யார் என்பதைப் பொறுத்தே விடை மாறும். ஆகவே அத்தெரிவு ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் குடியிருப்பாளரிடம் விடப்பட வேண்டும் என்பதே இம்மறுப்பிலிருந்து பெறத்தக்க முடிவு. செலவு கூடும் என்ற மறுப்பு இதைவிட வலுக்குறைந்தது. தூய டீசலும் வடிகட்டியும் செலவைக் கூட்டின; வளாகம் எழாமல் போகவில்லை.

8. முடிவுரை

பல்கலைக்கழகம் தன் இருப்புக்குச் சொல்லும் நியாயம் பொதுநலம். நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகம் எழ, அதன் எதிர்ப்பக்கத்துக் குழந்தைகள் பள்ளிப் பருவம் முழுவதும் பாறை உடைக்கும் ஓசையில் படிக்க வேண்டும் என்றால் அந்நியாயம் குறைபடும். மன்ஹாட்டன்வில் காட்டுவது இது: எழுதி வைத்து, அளந்து, மீறினால் தடுக்க முடிந்த இடங்களில் அயலார் பாதுகாக்கப்பட்டனர், நல்லெண்ணத்துக்கும் பின்வரும் தவணைக்கும் விடப்பட்ட இடங்களில் அவர்களே சுமந்தனர். இருபதாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கும் எந்தப் பல்கலைக்கழகமும் கட்டடங்களின் அட்டவணையோடு, அயலார் தாங்க வேண்டிய ஆண்டுகளின் அட்டவணையையும் சேர்த்தே மன்றத்தின் முன் வைக்க வேண்டும். இரண்டாவது அட்டவணையைச் சட்டத்தால் கட்டுண்ட உறுதியாக ஏற்காத வரை முதலாவதற்கு ஒப்புதல் தரக் கூடாது.