பன்காவ்ன் காலரா சிகிச்சை (1971)

பன்காவ்ன் காலரா சிகிச்சை என்பது வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லை நகரான பன்காவ்னில் கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலனாபிஸ் (1934–2022) தலைமையில் நடந்த மருத்துவப் பணி. நெருக்கடிக் காலத் தலைமைக்கு இது சிறந்த சான்று.

1971இல் இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தனர்; முகாம்களில் காலரா பரவியது. மருத்துவமனையில் இடமில்லாமல் நோயாளிகள் தரையில் கிடந்தனர். சிரை வழியே ஏற்றும் உப்புநீரும், அதை ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

இதற்கு மாற்றாக, நீரிழப்பை ஈடுசெய்யக் குடிக்கத் தரும் வாய்வழிக் கரைசல் அதுவரை பெரும்பாலும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தரப்பட்டது. பெருந்திரளான மக்களிடம் அது பலிக்குமா என்பது உறுதியாகவில்லை. ஆயினும் மகலனாபிஸ் அதையே பரவலாகப் பயன்படுத்த முடிவெடுத்தார்.

கரைசலுக்கு, ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பதே அளவு. கொல்கத்தாவில் பொட்டலமிடப்பட்ட கலவை, முகாமில் குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைக்கப்பட்டது. நோயாளிகளுக்கு அதைப் புகட்டும் பொறுப்பு உறவினர்களுக்குப் பயிற்சியுடன் தரப்பட்டது. சிரைவழி உப்புநீர் கடுமையாக நீரிழந்தோருக்கென ஒதுக்கப்பட்டது.

சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கையிருப்பை அறிந்து முடிவெடுத்தல், முறையை எளிதாக்குதல், பொறுப்பைப் பகிர்தல், விளைவைப் பதிவுசெய்தல் ஆகியவை இத்தலைமையின் கூறுகள். இப்பணியின் ஆய்வு முடிவுகள் 1973இல் வெளியாயின. 2023இல் மகலனாபிஸுக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.